சைலன்சரைத் துளைப்பதா, மாற்றுவதா, அப்படியே விடுவதா?

புது வண்டி வாங்கி மூன்று மாதம் ஆனதும் பலருக்கும் ஒரு குறை தோன்றிவிடுகிறது. பிக்கப் நன்றாக இருக்கிறது, மைலேஜும் குறைவில்லை, ஆனால் சத்தம் மட்டும் தையல் மிஷின் ஓடுவதுபோல இருக்கிறது என்பார்கள். அதைத் தொடர்ந்து வரும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கம்பெனி சைலன்சரிலேயே இரண்டு ஓட்டை போட்டால் போதுமா, ஸ்லிப்-ஆன் என்று விற்கும் தனி சைலன்சரை வாங்கிப் பொருத்தலாமா, அல்லது எஞ்சின் வாயிலிருந்து வால்வரை முழுக் குழாயையும் மாற்றிவிடலாமா? இவற்றோடு நான்காவதாக ஒரு வழியும் உண்டு. எதையும் தொடாமல் விடுவதே அது. அதைப் பெரும்பாலும் யாரும் ஒரு தேர்வாகவே கருதுவதில்லை.

இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு வேண்டியது கூடுதல் சத்தமா, வேறு மாதிரியான சத்தமா? இரண்டும் ஒன்றல்ல. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆகவே ஒற்றை சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 50 வெடிப்புகளும், நான்கு சிலிண்டர் வண்டி அதே வேகத்தில் 200 வெடிப்புகளும் கேட்கும். முன்னது தனித்தனித் துடிப்பாகவும் பின்னது ஒரே இழுப்பான அலறலாகவும் காதில் விழுவதற்குக் காரணம் இதுதான். ஹார்லி டேவிட்சனின் 45 பாகை வி-ட்வின் (இரண்டு சிலிண்டர்கள் V வடிவில் நிற்கும்) எஞ்சின் 315 பாகை, 405 பாகை என்று ஒழுங்கற்ற இடைவெளியில் வெடிக்கிறது. அந்த நொண்டித் தாளத்தைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அந்த நிறுவனம் 1994-இல் விண்ணப்பித்து, 2000-இல் அதைக் கைவிட்டது. இன்றைய இரட்டை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 270 பாகையில் அமைந்திருப்பதும் 90 பாகை வி-ட்வினின் தாளத்தைப் பெறுவதற்காகவே. அதாவது தாளம் கிராங்கில் பிறக்கிறது. குழாய் அந்தத் தாளத்தை மாற்றுவதில்லை, அதில் எவ்வளவு வெளியே வரலாம், எந்தச் சுருதிகள் வரலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. வேறொரு வண்டியின் சத்தத்தை விரும்பித் தன் வண்டியின் குழாயை வெட்டுகிறவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

எதை வைத்து எடைபோடுவது

நான்கு வழிகளையும் ஐந்து அளவுகோல்களால் பார்க்கிறேன். சத்தத்தின் தொனி, சத்தத்தின் அளவு, எஞ்சினின் சீர், பழைய நிலைக்குத் திரும்பும் வசதி, சட்டமும் காப்பீடும். விலையை முதல் அளவுகோலாக வைக்காததற்குக் காரணம் உண்டு. வாங்கும்போது கொடுக்கும் பணத்தைவிடப் பின்னால் சிறுகச் சிறுகப் போகும் பணம்தான் இந்த விஷயத்தில் அதிகம்.

தொனியைப் புரிந்துகொள்ள, சைலன்சர் இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். கம்பெனி சைலன்சர்களில் பெரும்பாலானவை உள்ளே தகடுகளால் பிரிக்கப்பட்ட அறைகளைக் கொண்டவை. ஓர் அறையிலிருந்து திரும்பும் ஒலியலை அடுத்து வரும் அலையோடு மோதி அடங்குகிறது. இந்த அமைப்பு தாழ்ந்த சுருதிகளை நன்றாக அடக்கும். தனியாக விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை, பொத்தல்கள் இட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கிளாஸ் வூல் அடைத்தவை. பஞ்சு உயர்ந்த சுருதிகளை உறிஞ்சிக்கொண்டு தாழ்ந்தவற்றைப் பெருமளவு விட்டுவிடுகிறது. கேட்கும் சத்தம் கனமாக, தொண்டையிலிருந்து வருவதுபோல இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டும் இல்லாத வெற்றுக்குழாயில் எல்லாச் சுருதியும் ஒன்றாகப் பீறிட்டு வருவதால் அது கனமாக இல்லாமல் கரகரப்பாகக் கேட்கிறது.

அளவைப் பொறுத்தவரை டெசிபெல் கணக்கு ஏமாற்றக்கூடியது. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கிறது. பணியிடங்களுக்கென்று அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெல்லில் 8 மணி நேரம். அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபெல்லில் 15 நிமிடமாகிவிடுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபெல்லைத் தாண்டும். சைலன்சரின் சத்தம் அதன்மேல் சேர்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான். ஐ.நா.வின் 41-ஆம் விதியைப் பின்பற்றும் நாடுகளில், ஓடும்போது அளக்கும் சோதனையில் வண்டியின் திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்து 73, 74, 77 டெசிபெல் என்று மூன்று வரம்புகள் உள்ளன. அமெரிக்காவின் கூட்டாட்சி விதி சாலை வண்டிகளுக்கு 80 டெசிபெல் என்கிறது, ஆனால் அங்கே அளக்கும் முறை வேறு. ஐ.நா. விதியின்படி நின்ற நிலையில் நடக்கும் சோதனையில், மைக்கைக் குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் 45 பாகைக் கோணத்தில் வைத்து, அதிகபட்சத் திறன் தரும் சுற்று வேகத்தில் பாதிக்கு எஞ்சினை உயர்த்தி அளக்கிறார்கள். (அந்த உச்ச வேகம் 5000 சுற்றுக்கு மிகாத எஞ்சின்களுக்கு முக்கால் பங்கு.) அந்தச் சோதனையில் கிடைத்த எண் பல வண்டிகளில் சட்டகத்தில் உள்ள சிறு தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே போனை, ஒரே இடத்தில், ஒரே சுற்று வேகத்தில் வைத்து அளந்து பாருங்கள். போன் காட்டும் எண் சரியாக இருக்கவேண்டும் என்பதில்லை, ஆனால் இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

அப்படியே விடுவது

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஞ்சினுக்கான எரிபொருள் அளவு, புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டரின் இடம், புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரின் இடம் எல்லாமே இந்தக் குழாயை வைத்துத்தான் கணக்கிடப்பட்டவை. உத்தரவாதம் அப்படியே இருக்கும், விற்கும்போது யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். குறை என்றால் எடையும், அடங்கிய சத்தமும்தான்.

ஆனால் ஒன்றைச் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். புதிதாகத் தகரச் சத்தம் கேட்டு, அதனாலேயே மாற்றவேண்டும் என்று தோன்றியிருந்தால், குழாய் எஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது வெப்பக் காப்புத் தகட்டின் திருகு தளர்ந்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இணைப்பைச் சுற்றிக் கரிப்புகை படிந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பெனி சைலன்சரைத் துளைப்பது, அறுப்பது

நானும் துளைத்தவன்தான். அது ஒற்றை சிலிண்டர் வண்டி. சைலன்சரின் பின்மூடியில் 10 மில்லிமீட்டர் பிட்டால் மூன்று துளைகள் போட்டேன். அரை மணி நேர வேலை, செலவும் இல்லை. முதல் நாள் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் வாரத்தில் ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. மழைக்காலம் முடிவதற்குள் துளைகளின் விளிம்பிலிருந்து துரு வழிந்து மூடி முழுவதும் பழுப்பேறிவிட்டது. கடைசியில் வெல்டிங் வைத்து அடைத்தேன். மூடியின் மெல்லிய தகடு அந்த வெப்பத்தில் கோணிக்கொண்டு, வெல்டிங்கை ஒட்டியே விரிசல் விட்டது.

அதைத் தூக்கி எறிவதற்கு முன் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோதுதான் செய்த பிழை புரிந்தது. உள்ளே மூன்று அறைகள் இருந்தன. எஞ்சினிலிருந்து வரும் குழாய் முதல் இரண்டு அறைகளையும் ஊடுருவிச் சென்று கடைசி அறையில் முடிந்தது. வாயு அங்கே திரும்பி, இன்னொரு குழாய் வழியாக முன்னறைக்கு வந்து, மீண்டும் திரும்பி, நடு அறையைக் கடந்த பிறகே வால்குழாய்க்குப் போகவேண்டும். நான் துளைத்தது, வாயு முதலில் வந்து இறங்கும் அறையின் சுவரை. மீதி இரண்டு அறைகளுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. சத்தம் கூடியதே தவிர கனம் கூடாததற்கும், காதைக் கிழிக்கும் கரகரப்பு வந்ததற்கும் அதுவே காரணம்.

அந்தப் படபடப்பைச் சிலர் விரும்புகிறார்கள். அது எரியாமல் வந்த எரிபொருள், குழாயில் கலந்த காற்றோடு சேர்ந்து சூட்டில் தீப்பற்றுவது. எப்போதாவது கேட்டால் பரவாயில்லை. ஓயாமல் கேட்டால் கலவை சரியில்லை, அல்லது எங்கோ இணைப்பில் காற்று நுழைகிறது என்று பொருள். கேடலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இந்த வெப்பம் அதன் உட்கூட்டை உருக்கவும் கூடும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் மூக்கு வெளிர் பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்புபோல வெளுத்திருந்தால் கலவை மெலிந்துவிட்டது, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையான ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கவேண்டும். காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு மெலிந்த கலவையின் சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளவேண்டும். அங்கே பெருத்துச் சிறுத்திருக்கும் அந்தக் குழாய் எஞ்சினின் ஓர் உறுப்பு. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் மெருகேற்றிய தத்துவம் அது. குழாயின் பின்கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே தப்பிய புதுக்கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அதன் நீளத்தையோ கூம்பையோ அறுத்தால் சத்தம் வரும், இழுவை போய்விடும்.

இந்த வழியை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. பழைய நிலைக்குத் திரும்ப வழியே இல்லாத ஒரே வழி இது. கம்பெனி சைலன்சரைப் புதிதாக வாங்கினால்தான் திரும்பமுடியும், அதன் விலையோ சுமாரான ஸ்லிப்-ஆனைவிடப் பல நேரங்களில் அதிகம். பெயர்தான் செலவில்லாத வழி.

சைலன்சரை மட்டும் மாற்றுவது

ஸ்லிப்-ஆன் எனப்படுவது எஞ்சினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பை விட்டுவிட்டு, அதன் முனையில் செருகிக் கிளாம்ப் போட்டு இறுக்கும் தனி சைலன்சர். தொனிக்காக மாற்ற விரும்புகிறவருக்கு இதுவே பொருத்தமான வழி என்பது என் முடிவு, ஆனால் இதில் கவனிக்கவேண்டியவை பல.

முதலாவது, உங்கள் வண்டியில் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்பது. அது பெண்ட் பைப்பிலோ எஞ்சினுக்கு அடியிலுள்ள பெட்டியிலோ இருந்தால் ஸ்லிப்-ஆன் அதைத் தொடுவதில்லை, புகை அளவும் பெரிதாக மாறாது. சைலன்சருக்குள்ளேயே இருந்தால், மாற்றும்போது அதுவும் போய்விடும். இரண்டாவது, திறன் கூடும் என்ற எதிர்பார்ப்பு. சைலன்சரை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் கூடுதல் திறன் ஓட்டுகிறவருக்குத் தெரியாத அளவே. டைட்டேனியத்தில் செய்ததாக இருந்தால் எடை குறைவதுதான் உண்மையான லாபம். 'அடைப்பு நீங்கினால் வண்டி பறக்கும்' என்பதும் 'அடைப்பு இல்லாவிட்டால் இழுவை போய்விடும்' என்பதும் இரண்டுமே அரைகுறை உண்மைகள். எஞ்சினுக்கு வேண்டியது அடைப்பல்ல, குழாயில் வாயு ஓடும் வேகமும் அழுத்த அலை சரியான கணத்தில் திரும்புவதும்தான். குழாய் தேவைக்குமேல் பருத்தாலோ குட்டையானாலோ அவை கெடுகின்றன, தாழ்ந்த சுற்றில் இழுவை குறைகிறது.

மூன்றாவது, இசியூ, அதாவது எரிபொருள் அளவைக் கணக்கிடும் எஞ்சின் கணினி. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள வண்டியில், சீரான வேகத்தில் போகும்போது 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவை ஒட்டி இசியூ தானே திருத்திக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை முழுதும் முறுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அந்தத் திருத்தம் நின்று, முன்பே எழுதிவைத்த கணக்கே ஓடும். ஆகவே சாதாரண ஸ்லிப்-ஆனுக்கு டியூனிங் தேவையில்லை என்று சொல்வது மென்மையாக ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் சரி, முறுக்கி ஓட்டுபவருக்குச் சரியல்ல.

நான்காவதை வாங்கியபின்தான் தெரிந்துகொள்வார்கள். கிளாஸ் வூல் நாளடைவில் எரிந்து உதிர்கிறது, ஒற்றை சிலிண்டரின் தடித்த துடிப்பில் இன்னும் சீக்கிரம். பஞ்சு குறையக் குறையச் சத்தம் கூடி, உடல் தகடும் சூடேறி நிறம் மாறும். ரிவெட் அடித்து மூடியதா, போல்ட் போட்டதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். போல்ட் போட்டதில் பஞ்சு மாற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலை.

ஐந்தாவது ரீங்காரம். நின்ற இடத்தில் முறுக்கிக் காட்டும்போது அருமையாகக் கேட்கும் சைலன்சர், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் தேனீக்கூடுபோல் ரீங்கரிக்கும். 4500 சுற்றில் ஒற்றை சிலிண்டர் நொடிக்கு 37 அல்லது 38 துடிப்பு தருகிறது. காதைவிட மார்பும் மண்டையும் அதை அதிகம் உணரும். பத்து நிமிட ஓட்டத்தில் இது தெரியாது. அதே சைலன்சர் போட்டிருக்கும் ஒருவரிடம், முறுக்கிக் காட்டச் சொல்லாமல், இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் தலை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒப்புதல் முத்திரை உள்ளதா என்பதையும், சத்தத்தைக் குறைக்கும், டிபி கில்லர் எனப்படும் கழற்றக்கூடிய செருகல் வருகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். ஒப்புதல் அந்தச் செருகலோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது. அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு முத்திரையைக் காட்டுவதில் பயனில்லை. 'பந்தயத்துக்கு மட்டும்' என்று பொறித்திருந்தால் அது சாலைக்கானது அல்ல.

முழுக் குழாயையும் மாற்றுவது

ஃபுல் சிஸ்டம் போட்டால் திறன் உண்மையாகவே கூட வாய்ப்புண்டு, எடையும் நன்றாகக் குறையும். ஆனால் இதில் குழாய் மட்டும் தனிச்செலவு அல்ல. கேடலிட்டிக் கன்வெர்ட்டர் நீங்குவதால் பல நாடுகளில் புகைச் சோதனையில் வண்டி தேறாது. வண்டியை டைனோவில் (திறனை அளக்கும் உருளை மேடையில்) ஓட்டி இசியூவை மறுபடி எழுதவேண்டும், அல்லது இசியூவின் கணக்கை இடையில் திருத்தும் பிக்கிபேக் பெட்டி பொருத்தவேண்டும். வெளியேற்றக் குழாயில் சர்வோ வால்வு (சிறு மோட்டார் திறந்து மூடும் அடைப்பான்) உள்ள வண்டியானால் அதை நீக்கியதும் பிழை விளக்கு எரியும், அதற்கும் ஒரு மாற்றுக்கருவி வேண்டும். இவற்றில் ஒன்றை விட்டாலும் கம்பெனி அமைப்பைவிட மோசமாக ஓடும் வண்டிதான் கையில் இருக்கும்.

பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்கு இது சரியான தேர்வு. தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு, எதைப் பெறுவதற்காக இவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒரே பார்வையில்

| வழி | தொனி | சத்தத்தின் அளவு | எஞ்சின் | திரும்பும் வசதி | பின்னால் வரும் செலவு |
|---|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | அடங்கியது | வரம்புக்குள் | பாதிப்பில்லை | தேவையில்லை | இல்லை |
| துளைப்பது | கரகரப்பு | கட்டுக்கடங்காது | கலவை கெடக்கூடும் | இல்லை | புது கம்பெனி சைலன்சர் |
| ஸ்லிப்-ஆன் | கனமானது | செருகலைப் பொறுத்தது | முறுக்கி ஓட்டினால் டியூனிங் | ஒரு மணி நேர வேலை | கிளாஸ் வூல், கேஸ்கெட் |
| ஃபுல் சிஸ்டம் | கனம், கூர்மை | மிக அதிகம் | டியூனிங் கட்டாயம் | உண்டு, உழைப்பு அதிகம் | டைனோ, கருவிகள், சோதனைச் சிக்கல் |

பாதுகாப்புக்காகச் சத்தம் என்றால்

சத்தமான குழாய் உயிரைக் காக்கும் என்று நம்பி மாற்ற வருபவர்களும் இருக்கிறார்கள். குழாயின் வாய் பின்னோக்கியிருக்கிறது, ஒலியின் பெரும்பகுதியும் பின்னோக்கியே போகிறது. எதிரே குறுக்கிடும் காரில் கண்ணாடி ஏற்றி, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தாழ்ந்த சுருதி உள்ளே போய்ச் சேர்ந்தாலும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். உங்கள் சத்தத்தை முழுமையாகக் கேட்பவர் நீங்கள் ஏற்கெனவே முந்திவிட்டவர்தான். இந்தக் காரணத்துக்காக மட்டும் செலவு செய்ய நினைப்பவர், முன்னோக்கி ஒலிக்கும் நல்ல ஹாரனையும் பளிச்சென்ற மேல்சட்டையையும் வாங்கலாம்.

யாருக்கு எது

உத்தரவாதக் காலத்தில் இருப்பவரும், விடியற்காலையில் குடியிருப்புக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்பவரும் அப்படியே விடட்டும். குளிர்ந்த எஞ்சின் ஐட்லிங்கில் கூடுதல் சுற்றில் ஓடும் அந்த முதல் இரண்டு நிமிடம்தான் அண்டை வீட்டாருக்கு மிகவும் கேட்கும் நேரம். வண்டியைப் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறவர், தொனி மட்டுமே வேண்டும் என்பவர், ஒப்புதல் பெற்ற ஸ்லிப்-ஆனைச் செருகலோடு பொருத்தி, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடலாம். சொல்லாத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது தடையாக வந்து நிற்கக்கூடும். பழைய சைலன்சர் ஏற்கெனவே துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டவருக்கும் இதுவே சரியான தருணம், ஏனென்றால் ஏதோ ஒன்றை அவர் எப்படியும் வாங்கத்தான் வேண்டும்.

எதை மாற்றினாலும் கழற்றிய கம்பெனி சைலன்சரை விற்றுவிடாதீர்கள். கழற்றிய கையோடு உள்ளே தேங்கிய நீரை வடித்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, வெளிப்புறம் மெல்லியதாக எண்ணெய் தடவி, இரண்டு வாய்களையும் துணியால் அடைத்துக் கட்டி வையுங்கள். போல்ட்டுகளையும் ரப்பர் புஷ்களையும் ஒரு பையில் போட்டு அதோடு சேர்த்தே கட்டிவிட்டால், வண்டியைச் சோதனைக்கு விடும் நாளிலோ விற்கும் நாளிலோ தேடி அலைய வேண்டியிருக்காது. கேஸ்கெட் மட்டும் ஒருமுறை நசுங்கியதை மறுபடி போடக்கூடாது, அதைப் புதிதாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.